மூன்றாம் எண் இன்ஜின்கள்

சுண்டுவிரலைவிட ஒல்லியான ரயில் ஒன்று மோதி டயர் கடைக்காரர் செத்துப்போனார். ரயில் உள்ளே வந்த சுவரில் ஒரு பட்டாணி நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. வெளியே போன பக்கத்தில் சுவரே இல்லை. நடுவில் நின்றவரைக் கூட்டித்தான் அள்ள வேண்டியிருந்தது. நல்ல மனிதர், கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான். இன்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாக்கடையோரம் கவிழ்ந்து கிடந்த அதைப் பல்செட்காரர் இடுக்கியால் எடுத்து, ஊதித் தூசி தட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சண்டை தொடங்கி இரண்டாம் வருடம் அது. தெருவுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

பல்செட்காரர் பல்மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுப்பவர். மாடிவீட்டில் மனைவியோடு இருந்தார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை, அதனால் தெருவே அவரை மருந்துக்கடை அக்கா என்றது. கீழ்வீட்டில் அக்காவின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், தனிக்கட்டை. மாமனும் மச்சினனும் ஒட்டிப்பிறந்தவர்கள் மாதிரி திரிந்த காலம் ஒன்று இருந்தது. இரண்டு வீட்டிலும் கால் நீட்ட இடமில்லை என்பதால், இருப்பதிலேயே சின்ன ரயிலாகப் பார்த்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். செய்தித்தாளை நான்காக மடித்த அளவில் ஆளுக்கொரு பலகை. நடுவில் மலை வைக்கலாம், ஆறு விடலாம், ஊரே கட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் சொன்ன இடத்தில், சொன்ன உயரத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் யார் பலகையும் யார் பலகையோடும் சேரும். பல்செட்காரரின் மலைகள் ஈறு நிறத்தில் இருந்தன, பாறைகளெல்லாம் உடைந்த கடைவாய்ப்பல். மச்சினன் லிஃப்ட் கம்பிவடத்தைப் பிரித்து ஒற்றை இழையில் பாலம் கட்டினான். அப்போது பேட்டரியில்தான் ஓட்டினார்கள். யாராவது தும்மினால் ரயில் கவிழ்ந்துவிடும், இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

பிறகு மச்சினன் டிஜிட்டல் பெட்டியும், எண்ணைப் போட்டுத் திருகுவதற்கு ஆளுக்கொரு கன்ட்ரோலரும் வாங்கி வந்தான். இதில் தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும், கட்டளையும் அதிலேயே போகும். இன்ஜினுக்குள் எள்ளளவு சிப் ஒன்று. தன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது அசையும். தொழிற்சாலையிலிருந்து வரும் எல்லா இன்ஜினுக்கும் எண் மூன்று. வாங்கியவர் முதல் வேலையாக இன்ஜினைப் பெட்டியோடு வரும் தனித் தண்டவாளத் துண்டில் வைத்து வேறு எண் எழுதிவிட வேண்டும். "ஒண்ணே ஒண்ணுதான் துண்டுல இருக்கணும்க்கா. ரெண்டையும் வெச்சு எழுதுனா ரெண்டுக்கும் அதே எண் ஏறிடும்" என்று, இதிலெல்லாம் அக்கறையே இல்லாத அக்காவிடமும் விளக்கிச் சொன்னான். விளக்கினானே தவிர மாற்றவில்லை. பெட்டி என்னுது, மாமா மாத்தட்டும் என்றான். முதல்ல வாங்குனது நான், மூணு என்னோடது என்றார் மாமா. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் ஓர் எண்ணுக்கு முறுக்கிக்கொண்டு நின்றால் அது எவ்வளவு நேரம் விளையாட்டாக இருக்கும். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சிப்பில் பாரம் என்று ஓர் இடம் உண்டு. நிஜ ரயில் மாதிரி மெல்லக் கிளம்பி மெல்ல நிற்பதற்காக அதில் ஓர் எண் போடுவார்கள். மச்சினன் இரண்டு இன்ஜினுக்கும் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் போட்டான். இன்ஜின்கள் அதை நம்பிவிட்டன. நிற்கும்போது பஞ்சு மாதிரி இருந்தவை ஓட ஆரம்பித்ததும் நிஜ ரயிலின் கனம் கனத்தன.

முதல் நாள் மாடிவீட்டு மேசையில் பலகைகளைச் சேர்த்து, இன்ஜின்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். பல்செட்காரர் தன்னுடையதை ஓட்டத்தான் திருகினார். எண் ஒன்றே என்பதால் இரண்டும் கிளம்பின. மோதிய சத்தத்தில் தெருவிலிருந்த கண்ணாடியெல்லாம் உதிர்ந்தது, மேசை இரண்டாகப் பிளந்தது, ஓர் இன்ஜின் துள்ளி மேசையோரம் ஊன்றியிருந்த பல்செட்காரரின் வலது கையைக் கடந்து போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தரையில் கிடந்தன. பல் கட்டுகிறவருக்கு அந்த இரண்டும் போன பிறகு மிச்ச விரல்கள் இருந்து என்ன பிரயோஜனம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வேறு மனிதராகத் திரும்பினார். "வேணும்னேதான் மாத்தாம வெச்சிருந்தான்" என்றார். திருகுனது அவரு, பழி எனக்கா என்றான் மச்சினன். புத்தி இருக்கிற யாரும் அன்றைக்கே எண்ணை மாற்றியிருப்பார்கள். ஆனால் இனி மாற்றுகிறவன் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே. எனவே இருவரும் மூன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பல்செட்காரர் இடது கையால் பலகைகள் செய்து மாடிப்படி நெடுகக் கீழ்வீட்டு வாசல்வரை இறக்கினார். ஒரு காலையில் ரயில் கதவைத் துளைத்துப் போய் மச்சினனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதே நிமிடம் மச்சினனின் இன்ஜினும் தானாகக் கிளம்பிப் படியேறி மாமாவின் பீரோவையும் சமையலறையையும் நொறுக்கியது. ஒருவர் திருகினால் இரண்டும் ஓடும், ஆகையால் அடுத்தவன் வீட்டை இடித்தவர் வீடும் கூடவே இடிந்தது. இதைப் பார்த்தாவது நிறுத்தினார்களா என்றால் இல்லை. தெருவும் சும்மா இருக்கவில்லை. முடிதிருத்துபவர் மாமா பக்கம், டயர் கடைக்காரர் மச்சினன் பக்கம். பலகையின் ஓரம் எல்லாருக்கும் பொது என்பதால் ஆளுக்கொன்று செய்து கோத்துவிட்டார்கள், தண்டவாளம் சுவர் சுவராக நுழைந்து தெருவைச் சுற்றியது. தையல்காரரின் அம்மா, இரண்டு ஆடுகள், தண்ணீர்த் தொட்டி, தபால்காரரின் சைக்கிள் என்று போயின. தபால்காரர் பிழைத்துக்கொண்டார்.

மருந்துக்கடை அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. புருஷனும் தம்பியும் உயிரோடு இருக்க வேண்டும். மாடியில் ஒருவருக்குக் கட்டு மாற்றிவிட்டு, இறங்கி வந்து கீழே ஒருவனுக்குக் கட்டு மாற்றுவார்.

"என்னங்க, அந்த எண்ணை மாத்தித் தொலைங்களேன்."

"அவன் மாத்தட்டும்."

கீழே கேட்டால், "அவரு மாத்தட்டும்க்கா. எனக்கென்ன தலையெழுத்தா?"

பொறுக்க முடியாமல் ஒருநாள், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டில் இருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். மாமா பக்கம் ரயில் படியேறிக்கொண்டிருந்ததால் நின்றுவிட்டது. மற்றது அந்தக் கனத்தோடு கரண்ட் இல்லாமலே வளைவில் தண்டவாளத்தை விட்டு விலகி, நேராகப் போய், டயர் கடைக்குள் நுழைந்தது. தன் ஆதரவாளரையே தன் ரயில் கொன்றது மாமனின் சூழ்ச்சி என்றான் மச்சினன். அந்த இன்ஜினைப் பல்செட்காரர் எடுத்துப்போனது அவன் ஆத்திரத்தில் எண்ணெய் ஊற்றியது. பிளக்கைப் பிடுங்கிய கையை அக்கா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு அழுத மாதிரி அவர் முன்னும் பின்னும் அழுததில்லை. இன்ஜினைத் திருப்பிக் கொடுக்கச் செய்ததும் அவர்தான், இல்லாவிட்டால் தம்பி கத்தியோடு படியேறியிருப்பான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தீர்ப்பது என்று இருவரும் அறிவித்தார்கள். ரயிலை எதிராளியின் படுக்கைக்கே விடுவதாகத் திட்டம். சனிக்கிழமை மதியம் அக்கா இரண்டு சாப்பாட்டிலும் தூக்க மாத்திரை கலந்தார். இரண்டு வீட்டிலும் குறட்டை கேட்டதும் இரண்டு இன்ஜின்களையும் எடுத்து வந்து, தம்பி எதைச் செய்யக் கூடாது என்று சொன்னானோ அதையே செய்தார்: இரண்டையும் ஒரே தண்டவாளத் துண்டில் வைத்து, ஒரே எண்ணை எழுதினார். எண் எழுத இருந்தது அந்த ஒரு துண்டுதான், அதை உடைத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, இன்ஜின்களை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். என்ன எண் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பாரத்தை அவர் குறைக்கவில்லை. மறந்துவிட்டாரா என்று கேட்டால் சிரிப்பார்.

ஞாயிறன்று இருவரும் மூன்றைத் திருகினார்கள். எதுவும் அசையவில்லை. திருகித் திருகிக் கை ஓய்ந்து, யாருடைய வேலை என்று புரிந்தபோது, மாமனும் மச்சினனும் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரே படியில் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு மாடியேறி வந்தார்கள். விரல் போனபோதும் கால் போனபோதும் வராத ஒற்றுமை அக்காவை அடிக்க வந்தது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புருஷன் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினார். தம்பி ஸ்பானரால் வலது மணிக்கட்டை உடைத்தான்.

"எண்ணைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுக்கா, அடி வாங்கிச் சாகாத."

வாயெல்லாம் ரத்தத்தோடு அக்கா அவர்களை நிமிர்ந்து பார்த்தார். ஒற்றைக்கால் தம்பி விழாமலிருக்க அவர் புருஷன் தாங்கிப் பிடித்திருந்தார். இப்படி ஒருநாள் பார்க்கத்தானே அவர் ஏங்கினார். நெஞ்சு குளிரவும் செய்தது, எரியவும் செய்தது. இடது கையால் கன்ட்ரோலரை எடுத்து, தன் எண்ணைப் போட்டுத் திருகினார். சமையலறைச் சுவர் வழியாக ஒன்று வந்தது, வாசல் வழியாக ஒன்று வந்தது. ஸ்பானர் பிடித்த கை மணிக்கட்டோடு போயிற்று. பல்செட்காரருக்கு விலா எலும்புகளும் ஒரு கண்ணும் போயின. அவ்வளவு கனத்தை நிறுத்த வெகு முன்னாலேயே திருக வேண்டும், அதை அவர் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தார். இரண்டு இன்ஜின்களும் இரண்டு தொண்டைக்கும் முன்னால் வந்து நின்றன. யாரும் சாகவில்லை.

இப்போது மூவரும் மாடியில் ஒன்றாக இருக்கிறார்கள். கீழ்வீட்டை இடித்தாகிவிட்டது. அக்கா இரண்டு இன்ஜின்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, பின்னால் நீளமாகப் பெட்டிகளை மாட்டி ஓட்டுகிறார். இரண்டு இன்ஜின் சேர்ந்து ஒரே ரயிலை இழுக்க வேண்டுமென்றால் எண் ஒன்றாக இருப்பதுதான் வசதி. தெருக்காரர்கள் சுவர் ஓட்டைகளுக்குச் சட்டம் அடித்து வர்ணம் பூசியிருக்கிறார்கள். ரயில் வரும் நேரத்தில் முடிதிருத்துபவர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார். சமீபத்தில் ஒரு மாலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பல்செட்காரர் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தார்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆயிட்டா ரயில் அப்படியே நின்னுடுமே. எங்க ரெண்டு பேர்ல யார்கிட்டயாவது சொல்லி வையேன்."

"ஆமாக்கா" என்றான் தம்பி.

"நிக்கட்டும்" என்றார் அக்கா. சாப்பாட்டு மேசைக்கு அடியில் ரயில் வரும் நேரம் அது. மூவரும் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.