எதிரெதிர் பலகை

கப்பலா படகா என்று முடிவு செய்ய ஒத்திலியா அம்மா தலைநகர் லிமாவிலிருந்து வந்திருந்தார். காது கேளாதோர் சங்கத்தின் தலைவி. ஜூன் மாதம் சங்கத்திலிருந்து இருபது பேர் மராஞோன் ஆற்றில் நான்கு நாள் பயணம் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் வருடாவருடம் வருவார்கள். கூடவே கணவர் ஃபெர்மீன். அவருக்கும் காது கேட்காது. கைப்பேச்சை வாய்ப்பேச்சாக்கிச் சொல்ல ஒத்திலியா அம்மாவின் அக்கா மகள் இவோன்.

கப்பல் என்றால் ‘ராணி’. மூன்று தளம், குளிரூட்டிய அறைகள். படகு என்றால் என் சித்தி சொய்லாவின் இரண்டு மரப்படகுகள். படகுக்குப் பத்துப் பேர், இரவில் ஏரிக்கரைக் குடிசையில் தொங்கு படுக்கை. அந்த இருபது பேரும் கப்பலுக்குப் போய்விட்டால், சனிக்கிழமை வாழைக்காய் வியாபாரி வந்து இரண்டு படகுகளையும் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போவார். சித்தி பேசி முடித்திருந்தாள். எனக்கு ‘ராணி’யில் ஒலிபெருக்கி பிடிக்கும் வேலை காத்திருந்தது. நான் உயிரியல் படித்தவள். மரத்தைப் பார்த்தால் பெயர் வரும். ஐந்து பேர் என்னைப் பார்த்தால் அந்தப் பெயர் தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஒருநாள் கப்பலில் தங்கிவிட்டு மறுநாள் எங்கள் படகைப் பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் அவர்களை ஏற்றிக்கொள்ள ‘ராணி’யின் ஏணியருகே படகை நிறுத்தினோம். மேல்தளத்தில் ரோலின் நின்றிருந்தான். கப்பலின் வழிகாட்டி, என்னோடு பள்ளியில் படித்தவன்.

“ஏய் ஊமை! உனக்குன்னே அளவெடுத்து ஆளுங்களை அனுப்பியிருக்காங்க பாரு!”

கையில் ஒலிபெருக்கி இருந்தது. ஆறு முழுக்கக் கேட்டது. இவோனின் கைகள் எழுந்து அதை அப்படியே சொல்லிவிட்டன. ஒத்திலியா அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். விரல்களை இரண்டு முறை அசைத்தார்.

“பேன்ட் ஜிப்பைப் போடச் சொல்றாங்க” என்றாள் இவோன்.

ரோலின் குனிந்து பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் காலை எங்களுக்குச் சாதகமாக ஓடவில்லை.

எங்கள் படகில் பலகைகள் பேருந்தில் இருப்பதுபோல வரிசையாக இருந்தன. எல்லோரும் முன்னால் பார்த்து உட்காரலாம். மூன்று வருடம் முன்பு சித்தி ஆசையாகச் செய்துகொண்டது அது. அதுவரை இந்த ஆற்றின் எல்லாப் படகுகளையும் போல இரண்டு பக்கமும் நீளப் பலகைதான். நடுவில் கோழியும் வாழைத்தாரும் கிடக்கும். “பஸ் மாதிரி இருக்கணும். கப்பல்காரன் பாத்தா வாயடைச்சுப் போகணும்” என்று சொல்லித்தான் மாற்றினாள்.

சித்திக்கு இரண்டு கையும் மோட்டாரில். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுபோல உதட்டைக் குவித்துத் திசை காட்டினாள். அங்கே கிளையில் தலைகீழாகத் தொங்கும், தேவாங்கு போன்ற ஒரு ஸ்லாத் விலங்கு. இங்கே ஒரு பச்சைக் கிளிக் கூட்டம். ஃபெர்மீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையால் கேட்டார். இவோன் சொல்லத் தயங்கினாள்.

“சொல்லும்மா” என்றாள் சித்தி.

“ஓட்டுற அம்மா ஏன் மரத்துக்கெல்லாம் முத்தம் குடுக்குறாங்கன்னு கேக்குறாரு.”

“என் புருஷனுக்கே குடுத்ததில்ல. மரமாவது அனுபவிக்கட்டும்னு சொல்லு.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவியோடு சேர்ந்து சிரிக்கத் திரும்பினார். மனைவி அவருக்குப் பின்வரிசையில். ஃபெர்மீன் எழுந்து, முழங்காலைப் பலகையில் ஊன்றி, திரும்பி நின்று சொல்ல வேண்டியிருந்தது. படகு ஆடியது. உட்காரச் சொன்னேன். நான் சொன்னது கேட்காது. சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். காலை முழுக்க இப்படியே போனது. அவர் தோளைத் தட்டுவார், இவர் கழுத்தைத் திருப்புவார், இவோன் நடுவில் முறுக்கிக்கொண்டு நிற்பாள். அதற்குள் கிளிகள் போய்விடும்.

மதியம் ஃபெர்மீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கப்பலுக்கே போகிறேன் என்றார். ஏரிக்குப் போகும் கால்வாயின் வாயில் நங்கூரமிட்டிருந்த ‘ராணி’யில் அவரை ஏற்றிவிட்டு, நாங்கள் நான்கு பெண்களும் ஏரிக்கரைக் குடிசைக்குச் சாப்பிடப் போனோம். சித்தி இலையில் கட்டிய சோற்றை எல்லோருக்கும் பிரித்து வைத்தாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை.

ஒத்திலியா அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பேசினார். இவோன் அவர் முகத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

“மறைக்காம சொல்றேன். நேத்து கப்பல்ல எனக்குத் தூக்கமே இல்ல. காது கேக்காதவங்கதானேன்னு எங்களுக்கு எஞ்சினுக்கு மேலேயே அறை குடுத்துட்டாங்க. கட்டில் ராத்திரி பூரா நடுங்குது. பல்லுகூட ஆடுது. ஆனா அங்கே வட்ட மேசை இருக்கு. எல்லார் கையும் எல்லாருக்கும் தெரியும். உங்க படகுல பின்னந்தலைதான் தெரியுது. இருபது பேர் நாலு நாள் பின்னந்தலையைப் பாத்துக்கிட்டு வாயில்லாம வரணுமா?”

சித்தி பொறுக்கமுடியாமல் எழுந்தாள். “முன்னாடி பாத்து உக்காந்தாத்தானேம்மா காடு தெரியும்!”

அம்மாவின் கை ஒரே ஒரு முறை அசைந்தது.

“காட்டைப் பாத்துட்டு யார்கிட்ட சொல்றதுன்னு கேக்குறாங்க” என்றாள் இவோன்.

நான் எழுந்து படகுக்குப் போனேன். மோட்டார் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து முதல் வரிசைப் பலகையின் மரையைக் கழற்றினேன்.

“அடியே நேரிடா! பைத்தியமா பிடிச்சிருக்கு?”

“பழைய பலகை குடிசைக்கு அடியிலதானே சித்தி இருக்கு?”

“கப்பல்காரன் சிரிப்பான்டி!”

“சிரிக்கட்டும்.”

அன்று நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். சித்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். இரண்டாவது பலகை கழன்று வந்தது. ஒத்திலியா அம்மா வளையல்களைக் கழற்றி இவோனிடம் கொடுத்துவிட்டு, தூண்கள் மேல் நின்ற குடிசைக்கடியில் குனிந்து நீளப் பலகையின் ஒரு நுனியைப் பிடித்தார். மறுநுனியைப் பிடிக்க ஆளில்லாமல் என்னைப் பார்த்தார். நான் போவதற்குள் சித்தி ஓடிவந்து பிடித்துவிட்டாள்.

“சிலந்தி இருக்கும், பாத்து. சொல்லு இவோன், சிலந்தி இருக்கும்னு சொல்லு!”

படகின் விலாக் கட்டைகளில் பழைய துளைகள் அப்படியே இருந்தன. பலகைகள் வீட்டுக்குத் திரும்பியதுபோலப் போய் உட்கார்ந்தன.

ஏரியின் நடுவில் சித்தி மோட்டாரை நிறுத்தினாள். ஒத்திலியா அம்மாவும் இவோனும் ஒரு பக்கம், நாங்கள் எதிர்ப்பக்கம். அம்மா செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் படகின் தரையில் வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். புருவம் உயர்ந்தது. கீழே ஏதோ இருக்கிறது என்று விரலால் காட்டினார்.

எனக்குத் தெரியும். படகின் அடிமரத்தில் படிந்த பாசியைக் கவச மீன்கள் சுரண்டித் தின்கின்றன. மோட்டார் நின்றால்தான் வரும். நான் பெயரைச் சொல்லவில்லை. வாயை வட்டமாகப் பிதுக்கி, நகத்தால் பலகையைச் சுரண்டிக் காட்டினேன். அவர் என் வாயைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். சிரித்தார். மறுபடி குனிந்து கையை வைத்துக்கொண்டார். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

பிறகு துடுப்பை அவர் கையில் கொடுத்து, தண்ணீருக்குள் விட்டுப் பிடித்திருக்கச் சொன்னேன். இதையும் கையால்தான். அந்த ஏரியின் இளஞ்சிவப்பு டால்பின்களுக்குத் துடுப்பு என்றால் விளையாட்டு. மீனவர்களைப் படாதபாடு படுத்தும். வருமா என்று உறுதியில்லை. நான் படகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

துடுப்பு ஒருமுறை வெடுக்கென்று கீழே போனது.

ஒத்திலியா அம்மா கத்தினார். அவர் குரலை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். கட்டையான, பெரிய குரல். துடுப்பை விடவில்லை. கீழே இருந்ததும் விடவில்லை. இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. ரோஜா நிற முதுகு ஒன்று பக்கத்திலேயே எழுந்து புஸ்ஸென்று மூச்சு விட்டது. அவர் முகமெல்லாம் தண்ணீர்.

“எங்க ஊர்க் கதைப்படி இந்த டால்பின் ராத்திரி தொப்பி போட்டுக்கிட்டு ஆம்பளையா கரைக்கு வரும். கதவைத் திறந்துடாதீங்கன்னு சொல்லு!” என்றாள் சித்தி. இவோன் சொன்னாள்.

“நல்ல தொப்பியா இருந்தா யோசிக்கிறேங்கிறாங்க.”

வெயில் சாயும்போது கால்வாயைவிட்டு வெளியே வந்தோம். ‘ராணி’ தூரத்தில் நின்றது. கூப்பிட்டால் கேட்காத தூரம். ஃபெர்மீன் மேல்தளக் கம்பியில் சாய்ந்திருந்தார். ஒத்திலியா அம்மா படகின் நடுவில் எழுந்து நின்று கைகளை உயர்த்தினார். அங்கிருந்து ஃபெர்மீனின் கைகள் உடனே பதில் சொல்லின. எங்கள் மோட்டாரும் கப்பல் எஞ்சினும் போட்ட இரைச்சலுக்கு நடுவே இருவரும் சாப்பாட்டு மேசையில் பேசுவதுபோலப் பேசினார்கள். இவோன் எங்களுக்காக இரண்டு பேராகவும் பேசினாள்.

“எங்கடி போயிட்டே?”

“டால்பின் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்துது.”

“நான் இழுத்தா மட்டும் வரமாட்டே.”

“நீ ரோஜா நிறமா இல்லையே.”

“பொய் சொல்றே.”

“வந்து பாரு.”

“எதை? உன் பின்னந்தலையையா?”

அம்மா பலகையில் உட்கார்ந்து, எதிர்ப்பலகையைக் கையால் தட்டிக் காட்டினார். ஃபெர்மீன் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு காணாமல் போனார்.

நாங்கள் ஏணியை அடைந்தபோது அவர் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் பெட்டியும் இன்னொரு கையில். ரோலின் மேலே ஓடிவந்தான்.

“ஐயா! எங்க போறீங்க? சாப்பாடு வந்துட்டிருக்கு! ஐயா!”

ஃபெர்மீனின் பின்னந்தலையைப் பார்த்து ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே இருந்தான். மற்றப் பயணிகள் கம்பியோரம் திரண்டுவிட்டார்கள். ஃபெர்மீன் படகில் இறங்கி, மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். மேலே யாரோ கைதட்டினார்கள்.

ரோலின் என்னைப் பார்த்துக் குனிந்தான். “ஏய், அப்படி என்னத்தைச் சொன்னே அவங்ககிட்ட?”

“ஒண்ணும் சொல்லல.”

உண்மை அதுதான்.

கரைக்குத் திரும்பும் வழியில் ஒத்திலியா அம்மா முடிவைச் சொன்னார். “ரெண்டு படகும் வேணும். ரெண்டுலயும் இதே மாதிரி பலகை. அந்தக் கரையில ஒண்ணு, இந்தக் கரையில ஒண்ணு நின்னாலும் எங்க பேச்சு நிக்காது. உங்களால முடியுமா?”

“எங்களால முடியாதும்மா. கத்திக் கத்தித் தொண்டை போயிடும்” என்றாள் சித்தி. மோட்டாரைப் பிடித்திருந்த கையால் கண்ணைத் துடைத்ததில் முகத்தில் கிரீஸ் தீற்றியது.

சனிக்கிழமை அந்த வாழைக்காய் வியாபாரி ஆள்களோடு வந்தார். சித்தியும் நானும் இரண்டாவது படகில் நீளப் பலகைகளை முடுக்கிக்கொண்டிருந்தோம்.

“என்ன சொய்லா, படகு தயாரா?”

சித்திக்கு இரண்டு கையிலும் வேலை. உதட்டைக் குவித்து, அவர் வந்த வழியைக் காட்டினாள்.

லிமாக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் முத்தம் என்றே நினைத்திருப்பார்கள்.