ஒரே வானம்

புஸ்வாணப் பெட்டி லேபிளில் மாரிசெல்வி ஓர் அந்திவானம் வரைந்திருந்தாள். ஆர்டர் கொடுத்த பார்ட்டி திங்கட்கிழமை ஓகே சொன்ன மாதிரித்தாள் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அதில் வானம் செம்மஞ்சள். திரையில் இப்போது அதே வானம் உறைந்த ரத்த நிறம்.

"ஏ மாரி, அன்னைக்கு ஒரு வானம், இன்னைக்கு ஒரு வானம். நான் எத ஒட்ட?" என்றார் அச்சக முதலாளி மீரான் மைதீன்.

"தப்பு எம்மேலதான், முதலாளி. கரண்ட் போயிட்டு வந்தா திரை வெளுத்துருது. தெனமும் மூணு நம்பர் அடிச்சுச் சரி பண்ணுவேன். நேத்து மறந்துட்டேன். படந்தான் வெளுத்துருச்சுன்னு அதுல நிறத்த ஏத்திட்டேன். இன்னைக்குத் திரையச் சரி பண்ணுனதும் இப்பிடிக் காட்டுது."

"கம்ப்யூட்டர் மறக்குதுன்னா நீயும் சேந்து மறப்பியா? நாலு மணிக்கு அச்சுப் பிளேட் போடணும். இன்னைக்கும் மாறுச்சுன்னா, பழையபடி லேபிள் ஒட்டப் போயிரு."

லேபிள் ஒட்டிய மூன்று வருஷமும் விரல் நகங்களில் பசை காய்ந்தே கிடந்தது. கம்ப்யூட்டரில் சேமித்திருந்த திங்கட்கிழமைப் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்த அப்துல் ஹக்கீமுக்குப் போன் செய்தாள்.

"தெனமும் வாயால சொல்ற மாதிரி அடிச்சா அது எங்கன ஞாபகம் வச்சுக்கும்? கம்ப்யூட்டர் எந்திரிச்சதும் படிக்கிற கோப்பு ஒண்ணு இருக்கு. அதுல எழுதி வையி தாயி," என்றார் அவர்.

அந்தக் கோப்பின் பெயரையும் சொன்னார். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என மூன்று எண்களையும் ஒரே வரியில் எழுதிச் சேமித்தாள். சோதித்துப் பார்க்குமுன் மணி இரண்டடித்தது. அந்த வருஷம் இரண்டு மணிக்குத் தவறாமல் கரண்ட் போகும்.

அச்சு இயந்திரம் பெருமூச்சு விட்டு நின்றது. மை வாசனை மெல்லத் தரையில் இறங்கியது. கறுத்த திரைக் கண்ணாடியில் அவள் முகமும், அதன் பின்னால் வெயில் நிறைந்த வாசலும் மிதந்தன. உள்ளே எங்கோ அவளுடைய வானம் உறங்கிக்கொண்டிருந்தது. உறக்கத்தில் அது என்ன நிறமாக இருக்கும்? விழித்ததும் தலைமாட்டில் இருக்கும் துண்டுச்சீட்டை எடுத்துப் படிக்குமா, படிக்காமலே எழுந்து போய்விடுமா? நினைத்துக்கொண்டே இருந்ததில் கண் சொக்கியது. செம்மஞ்சள் துகள் ஊரெங்கும் பெய்வதுபோல் இருந்தது.

"ஏலே, கரண்ட் வந்துருச்சு," என்று இயந்திரத்தடியில் இருந்து அதை ஓட்டும் செல்லச்சாமி குரல் கொடுத்தார்.

மணி மூன்று. திரை சோகை பிடித்ததுபோல் வெளுத்துத்தான் விழித்தது. மாரிசெல்வி விசைப்பலகையில் கைவைக்கவில்லை. ஒரு கணம், இரண்டு கணம். பிறகு, யாரோ விளக்குத் திரியைத் தூண்டியதுபோல், திரையெங்கும் நிறம் ஊறியது. படத்தைத் திறந்தாள். மாதிரித்தாளைப் பிய்த்துத் திரையோடு வைத்துப் பார்த்தாள். தாளின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருந்தது.

முதலாளி வந்து குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நீ இப்ப ஒண்ணும் அடிக்கலேல்ல?"

"இல்ல முதலாளி. அதுவா படிச்சுக்கிருச்சு."

"செல்லச்சாமி, பிளேட்டுக்கு அனுப்புங்க," என்றார் அவர். போகும்போது திரும்பி, "ஏ மாரி, நாளைக்கும் கரண்ட் வந்ததும் பாப்பேன்," என்றார்.