திருச்சியில குடுத்துத் தச்சது

"உள்வேலை எல்லாம் திருச்சியில குடுத்துச் செஞ்சதுங்க" என்று ராபின் வாய் கூசாமல் சொன்னபோது, அவன் பெண்டாட்டி ஞானசெல்வி நாலடி தள்ளி, கலர் ஊற்றிய தம்ளர்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். யூடியூப் சேனல்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கேமராவும் இன்னொருவன் மைக்குமாக ஷெட்டுக்குள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மைக் பிடித்தவன்தான் பின் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "செம ஃபினிஷிங் ப்ரோ, யாரு தச்சது?" என்று கேட்டான். ராபின் கொஞ்சம் யோசித்தான். அப்போது திரும்பிப் பார்த்திருந்தால் அவள் அவன் கண்ணில் பட்டிருப்பாள். திரும்பவில்லை மகராசன். "நம்ம ஃப்ரெண்டு குணசேகரன் கடைங்க. சீட்டு கவர்ல அவன அடிச்சுக்க ஆளு கெடையாது" என்றான்.

செல்விக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது. கலரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தால் என்ன என்று நினைத்தாள். விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டை டங்கென்று கார் பானெட் மேல் வைத்தாள். மைக் பிடித்தவன் பதறிப்போய், "அக்கா, பெயிண்ட்டு அக்கா, பாத்து" என்றான். அந்தப் பெயிண்ட்டுக்கு அடியில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்தவளிடம் சொல்கிறான், பார்த்து என்று.

ஆவூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடு. ராபின் குவைத்தில் கராஜ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, அன்னவாசலில் சின்னதாக ஒர்க்‌ஷாப் போட்டிருந்தான். அவன் மனசு பூராவும் ஒரு பழைய படத்தில் இருந்தது. படம் நாலு நாள்கூட ஓடவில்லையாம். ஆனால் அதில் கதாநாயகன் ஓட்டிவரும் கார், நீள மூக்கும் திராட்சைரச நிறத்துச் சீட்டுமாக, பார்த்தவனைப் பிடித்து ஆட்டுமாம். அதே காரைச் செய்து பார்த்துவிடுவது என்று வீட்டு ஷெட்டில் ஒரு ஓட்டை அம்பாசடரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஊர் சிரித்தது. அவளும் முதலில் சிரித்தவள்தான்.

அளவுக்கு வரைபடம் கிடையாது, ஒன்றும் கிடையாது. படத்தை டிவியில் போட்டு, கார் நேர் எதிரே வரும் இடத்திலும் பக்கவாட்டில் நிற்கும் இடத்திலும் நிறுத்தி, திரை மேலேயே டேப்பை வைத்து அளந்தார்கள். அவள் அளவைச் சொல்ல, அவன் கணக்குப் போட்டான். ஜாக்கெட்டுக்கு வெட்டுகிற மாதிரி காக்கித்தாளில் அவள் பாகம் பாகமாக வெட்டிக் கொடுக்க, அதை வைத்து அவன் தகரம் வெட்டினான். எல்லாம் பற்றவைத்து நிமிர்ந்து பார்த்தால், மூக்கு பொன்னுக்கு வீங்கி வந்த கன்னம் மாதிரி அகலமாக உப்பிக்கொண்டு நின்றது. எங்கே தப்பு என்று ராபின் தலையைப் பிடித்துக்கொண்டான். அவள்தான் மறுபடி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கதாநாயகனைக் காட்டிச் சொன்னாள், "ஏங்க, இந்த ஆளுக்குத் தோளு இவ்ளோ அகலமா இருக்காது. இந்த அளவுக்குச் சட்டை தச்சா ரெண்டு பேரு நொழையலாம்." அப்புறம்தான் விளங்கியது. டிவி வாங்கிய நாளிலிருந்து படத்தை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டும்படி செட் ஆகியிருந்திருக்கிறது. சீரியலில் வருகிறவள் எல்லாம் ஏன் இப்படிப் பெருத்துக் கிடக்கிறாள் என்று வீட்டில் ஒரு ஜீவன் கேட்டதில்லை. அன்றைக்கு ஷெட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்கள். "நீ இல்லாட்டி இது காயலாங்கடைக்குத்தான் போயிருக்கும் செல்வி" என்று அவன் வாயாலேயே சொன்னான். அந்த வாய்தான் இன்றைக்கு இப்படிச் சொல்கிறது.

சீட்டுத் தையல் முழுக்க அவளுடையது. ரெக்சினில் கட்டம் கட்டமாக டைமண்ட் தையல் போட்டு, ஓரத்துக்கு வெள்ளைப் பைப்பிங் கொடுத்தாள். ஜாக்கெட் தைக்கிற மிஷின் ரெக்சினைக் கண்டாலே முரண்டு பிடிக்கும், ஊசி படக்கு படக்கென்று ஒடியும். ஒருதடவை ஊசி விரலுக்குள்ளேயே ஒடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஈஸ்டர் நேரத்தில் துணி கொண்டுவந்த பெண்களை எல்லாம் திருப்பி அனுப்பினாள். கூரைத் துணி ஒட்டியபோது காருக்குள் மல்லாந்து படுத்திருந்தாள். பசை ஒழுகித் தலைமுடியில் இறுகிவிட்டது. எண்ணெய் போட்டும் போகவில்லை. காதோரம் ஒரு கொத்தைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது இன்னும் சரியாக வளரவில்லை.

சேனல்காரர்கள் போனதும் அவள் ஷெட்டுக்கே வந்து கேட்டாள்.

"ஏன் அப்புடிச் சொன்னீங்க?"

"எப்புடி?"

"திருச்சியில குடுத்துச் செஞ்சதுன்னு."

ராபின் சிரித்தான். "அட, அதுவா. வீட்டுல பொண்டாட்டி தச்சதுன்னா நாலு பேரு எளக்காரமா பாப்பான். ஜாக்கெட்டு மிஷின்லயா தச்சீங்கன்னு கேப்பான். வண்டிக்கு என்ன மதிப்பு இருக்கும், சொல்லு."

"நாந்தான தச்சேன்."

"நான் இல்லேன்னா சொன்னேன்? ஒனக்குந் தெரியும், எனக்குந் தெரியும். ஊருக்கு எதுக்கு?"

அவன் அம்மா ஆரோக்கியம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே, "புருசன் பேரு வந்தா ஒன் பேரு வந்த மாதிரிதான ஆத்தா" என்றாள்.

"அவரு பேரு வரட்டும் அத்தை. நானா வேண்டாங்குறேன்? குணசேகரன் பேரு எதுக்கு வரணும்?"

ஆரோக்கியம்மாள் கீரைத் தண்டை ஒடித்தாள்.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. அடியில் வரிசையாக ஆட்கள் கேட்டிருந்தார்கள், திருச்சியில் எந்தக் கடை, விலாசம் கொடுங்கள் என்று. ராபினும் ஒன்று விடாமல் குணசேகரன் நம்பரைப் போட்டுக்கொண்டே வந்தான். செல்வி ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. படிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். வேனில் ரெக்சின் ரோல் ஒன்று வந்து வீட்டு முன்னால் இறங்கியது. பின்னாலேயே குணசேகரன் போன். "தங்கச்சி, கறம்பக்குடியில ஒருத்தரு ஜீப்புக்கு ஆர்டர் குடுத்துருக்காரு. ராபின் காருல இருக்க மாதிரியே வேணுமாம். நம்ம கடையில அந்தத் தையலு யாருக்கும் வரல. நீ தச்சுக் குடுத்துரு, கூலி போட்டுத் தாரேன்."

கூலி. அவளுடைய வேலையை அவளுக்கே கூலிக்குக் கொடுக்கிறான். அவன் மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கிடைத்தால் எவன் வேண்டாம் என்பான். பக்கத்தில் நின்று, "தச்சுக் குடுத்துரு செல்வி, ஆளுகிட்ட வாக்குக் குடுத்துட்டானாம்" என்கிறானே இவன், அதுதான் தாங்கவில்லை. போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள்.

"தைக்கிறேன். ஆனா ஒண்ணு. ஃபாதர் வந்து வண்டிய மந்திரிக்கிற அன்னைக்கு, எல்லாருக்கும் முன்னால, உள்வேலை எம் பொண்டாட்டி செஞ்சதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"இவ்ளோதான? சொல்லிட்டாப் போச்சு" என்றான் ராபின். அவளும் நம்பினாள். நம்பித் தொலைத்தாள் என்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் வந்தார். காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து வேப்ப மரத்தடியில் நிறுத்தி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். ஊரில் பாதி அங்கேதான் நின்றது. மெயின் ரோட்டில் ஹோட்டல் வைத்திருக்கும் முனியசாமியும் வந்திருந்தார். காரை வாங்கி ஹோட்டல் வாசலில் நிறுத்தப்போகிறவர், இதே மாதிரி இன்னொன்றும் கேட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் குணசேகரன். சேனல்காரர்களும் வந்து கேமராவை ஆன் செய்துவிட்டார்கள். செல்வி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அவன் சொல்லும்போது எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

வண்டி மந்திரிப்பு என்றால் அந்த ஃபாதருக்கு ஒரு வழக்கம் உண்டு. தீர்த்தம் தெளிப்பதற்கு முன்னால் கேட்பார். "இதுக்கு யாரு யாரு ஒழைச்சீங்க? பேரைச் சொல்லுங்க. எல்லாத்தையும் சேத்து மன்றாடிருவோம்."

ராபின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். வெல்டிங் பண்ணியவர் பெயர், பெயிண்ட் அடித்தவர் பெயர். முனியசாமியை ஒரு பார்வை பார்த்தான், கேமராவை ஒரு பார்வை பார்த்தான். "உள்வேலை குணசேகரன், திருச்சி" என்றான். அப்புறம்தான் செல்வி பக்கம் கண் போனது. போன வேகத்தில் திரும்பியது. "வீட்டுலயும் எல்லாரும் ஒத்தாசையா இருந்தாங்க ஃபாதர்."

ஒத்தாசை.

செல்வி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். மெழுகுவர்த்திக்குத்தான் போகிறாள் என்று நினைத்து, "தீப்பெட்டி எங்கிட்ட இருக்கு செல்வி" என்று ராபின் குரல் கொடுத்தான். தையல் மிஷின் டிராயரிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு வந்தவள், யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். எட்டி எட்டி நாலு கதவின் லாக்கையும் அமுக்கினாள். சாவி உள்ளேயே, முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. "அம்மா மொதல்ல உக்காந்துட்டாங்க, ரொம்ப நல்லது" என்று ஃபாதர் சிரித்தபடி ஜெபப் புத்தகத்தைப் பிரித்தார்.

சாய்வுக்கும் சீட்டுக்கும் நடுவே கையை விட்டு, கடைசி முடிச்சைத் தடவி எடுத்து அறுத்தாள். பிளேடின் முனையை ரெக்சின் மேல் படாமல் நூலுக்கு அடியில் மட்டும் கொடுத்து இழுத்தாள். ஒரு வரிசை மடமடவென்று விட்டுக்கொடுத்தது. அடுத்த வரிசை. கண்ணீர் கன்னத்தில் ஓடி மூக்கில் சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. தன் தையலைத் தானே பிரிப்பது பெற்றதைக் கிள்ளுவது மாதிரி வலித்தது. அந்த வலிக்கும் சேர்த்து அவன் மேல்தான் ஆத்திரம் வந்தது.

முதலில் பார்த்தது குணசேகரன். கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று பின்வாங்கினான். அப்புறம் ராபின் வந்து கண்ணாடியைத் தட்டினான். உள்ளங்கையால் தட்டினான், மோதிரத்தால் தட்டினான். அவள் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள்.

"செல்வி, என்ன பண்ற? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"கடக்காரரு வந்துருக்காருல்ல. அவரு தச்சுக்குவாரு."

"எல்லாரும் பாக்குறாங்கடி. மானம் போவுது."

"பாக்கட்டும். பாக்கத்தான கூப்புட்டீங்க."

கண்ணாடியை மறுபடி முழுசாக ஏற்றினாள். காற்றுச் சத்தம் உள்ளே வரக்கூடாதென்று கதவு ஓரமெல்லாம் இரண்டு மடங்கு ரப்பர் கொடுத்திருந்தாள், அதனால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. முனியசாமி கையை விரித்து ஏதோ கேட்டார். ஃபாதர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ராபினைப் பார்த்தார். ராபின் அவர்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. கை ஒருமுறை காரைக் காட்டியது, அப்புறம் தொங்கியது. அவன் என்னவோ சொன்னான். நிறையச் சொன்னான். கூட்டத்தில் ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது. ஆரோக்கியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

செல்வி கண்ணாடியை இறக்கக் கைப்பிடியில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். மடியெல்லாம் வெள்ளை நூல் சுருண்டு கிடந்தது. சீட்டின் நடுவே ரெக்சின் வாய் பிளந்து, மஞ்சள் ஃபோம் துருத்திக்கொண்டு நின்றது. சேலைத் தலைப்பால் பிளேடைத் துடைத்துக்கொண்டு, கதவுப்பக்கத்து வரிசையில் முடிச்சைத் தேட ஆரம்பித்தாள்.