வில்பிரட் வாங்கிய வாய்தா

தாம்பரம் வக்கீல் வில்பிரட்டுக்கு இருபது வருடத் தொழிலில் கைவந்த வித்தை ஒன்றே ஒன்றுதான்: வாய்தா வாங்குவது. செங்கல்பட்டு கோர்ட்டில் அவர் எழுந்து நின்றாலே பெஞ்ச் கிளார்க் காலண்டரைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்.

அப்படிப்பட்டவரைத்தான் பல்லாவரம் தோல் பதனிடுவோர் சங்கம் டெல்லிக்கு அனுப்பியது. பாய்லருக்கு ஊற்றும் எண்ணெய்க்கு இருந்த வரிச்சலுகை மார்ச்சோடு முடிகிறது. அது போனால் சின்ன தொழிற்கூடங்களில் பாதிக்குப் பூட்டுதான்.

"நிரந்தரமா வேணும்னு கேளுங்க சார். அதுக்குக் கொறைஞ்சு வாயத் தொறக்காதீங்க" என்று சங்கத் தலைவர் ஜெயவேலு சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டார்.

நிதி அமைச்சக வராந்தாவில் மூன்று நாள், கறுப்புக் கோட்டுக்குள் ஜனவரிக் குளிரில் நடுங்கிய பிறகு, நாலாம் நாள் அதிகாரி கூப்பிட்டார். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "சுருக்கமாகச் சொல்லுங்கள், என்ன வேண்டும்?" என்றார். அச்சு அசல் நீதிபதியின் குரல். வில்பிரட்டின் வாய் வில்பிரட்டைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது:

"ஒரு வருஷம் டைம் வேணும், மை லார்ட்."

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பன்னிரண்டு பக்க மனு பையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஊர் திரும்பியவர், "பேசிட்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

பட்ஜெட் அன்று, சங்க அலுவலக டிவிக்கு முன்னால் முதலாளிகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். வில்பிரட் கதவோரமாக உட்கார்ந்தார். தாம்பரம் லோக்கலை ஓடிப் பிடிக்க அதுதான் தோதான இடம்.

அமைச்சர் வாசித்தார்: எண்ணெய் வரியில் நிரந்தர விலக்கு கேட்ட தொழில் எதற்கும் அது கிடையாது. வில்பிரட் செருப்பை மாட்டிக்கொண்டார். அமைச்சர் தொடர்ந்தார்: சிறு தோல் தொழிலுக்கு மட்டும், அவர்கள் கேட்டபடி, ஒரு வருட நீட்டிப்பு.

ஜெயவேலு மெல்லத் திரும்பினார். "கேட்டபடியா? நீங்க இன்னா சார் கேட்டீங்க?"

"பழக்க தோஷம், ஜெயவேலு. வாய்தா கேட்டுட்டேன்."

ஜெயவேலு தோள் குலுங்கச் சிரித்தார். "கேஸ நடத்தச் சொன்னா இழுத்துகினு வந்துகிறீங்க. போவட்டும் சார், பாய்லரு எரியுது. வர்ற ஜனவரிக்கும் டிக்கெட் போட்டுடவா?"

வில்பிரட் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க. கூட ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக் குடுத்துடுங்க."

அந்த ஸ்வெட்டர் முழங்கை கிழியும்வரை, ஏழு ஜனவரிக்கு உழைத்தது.