உன்னையும் சேர்த்து

அண்ணன் கையில் புதுப் பூட்டோடு வந்தான். பூட்டை இன்னும் அட்டையிலிருந்துகூடப் பிரிக்கவில்லை.

"பன்னெண்டு மணிக்குள்ள காலி பண்ணச் சொன்னேன். மணி பதினொன்னரை. ஒரு கயிறுகூட நகரல."

தங்கை தலை நிமிராமல் உயிர்காப்பு உடுப்பின் அறுந்த பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தையல்கடை பிழைப்பு. கடலில் தத்தளிப்பவர்களைக் கூலி வாங்காமல் மீட்கும் ஒரு சின்னக் குழுவுக்கும் அவள்தான் தலைவி. குழுவின் படகு நின்றது அண்ணனுடைய கொட்டகையில். இந்த இடம் போனால் படகுக்குக் கரையில் வேறு இடமில்லை. அண்ணனை மீறி இடம் கொடுக்க யாருக்கும் துணிவும் வராது.

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன பருவத்தில் அக்கரைத் துறையின் இழுவைப் படகுகள் அவனுடைய வலைகளை அறுத்துக்கொண்டு போயின. மூன்று வாரத்துக்கு முன் அதே அக்கரைப் படகு ஒன்று கவிழ்ந்தது. குழு போய் ஐந்து பேரைக் கரை சேர்த்தது. அன்றிலிருந்து ஊர் குழுவினரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குழுவின் வாக்கிடாக்கியில் காது வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர், தலைவலி என்று சொல்லி வருவதையே நிறுத்திவிட்டார்.

"சலூன்ல எனக்கு முடி வெட்ட மாட்டேங்குறான்க்கா," என்றார் பஸ் ஓட்டுநர். குழுவின் படகை ஓட்டுபவரும் அவர்தான். "இன்னும் ஒரு மாசம் போனா முடி கண்ணை மறைச்சிரும். அப்புறம் படகை நீங்கதான் ஓட்டணும்."

"யோவ், உனக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கு வயிறு எரியுது," என்று அண்ணன் அவர்மேல் பாய்ந்தான். "என் வலையை அறுத்தவனைத் தூக்கிட்டு வர என் கொட்டகையிலிருந்தே படகு போகுது. அதுல என் கூடப்பொறந்தவளே போறா. நான் வெளிய தலைகாட்ட வேணாமா?"

"தண்ணியில கிடக்கிறவன்கிட்ட எந்த ஊருன்னு எப்படிண்ணே கேக்குறது?" என்றாள் தங்கை.

"வாயாலதான் கேளு!"

அப்போது மேசைமேல் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "யாராவது இருக்கீங்களா? இன்ஜின் நின்னுபோச்சு. தண்ணி ஏறுது. பாறைப் பக்கம் இழுத்துட்டுப் போகுது..."

அவள் ஊசியைக் குத்தி வைப்பதற்குள் அண்ணன் வாக்கிடாக்கியை எடுத்துவிட்டான். "எந்தத் துறைப் படகு?"

இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அந்தக் குரல் கேட்டது: "சொன்னா வர மாட்டீங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தான். அதற்குள் தங்கை அதை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"இதோ கிளம்பிட்டோம். எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"உங்களையும் சேத்தா?"

"ஐயோ. என்னையும் சேத்தா நாலு."

அந்தக் கேள்வியை அவள் விட்டதே இல்லை. முதல் வருடம் அதைக் கேட்காமல் போய், சொன்ன எண்ணிக்கை சரியாக இருக்கிறதென்று திரும்பிவிட்டார்கள். கூப்பிட்டவன் தண்ணீரிலேயே போனான். பயந்துபோன மனிதன் பக்கத்தில் இருப்பவர்களை எண்ணுவான். தன்னை எண்ண மறந்துவிடுவான். கடவுள் மனிதனை அப்படித்தான் படைத்திருக்கிறார். அந்த மறதியில் ஒரு நல்லதும் ஒளிந்திருக்கிறது.

வாக்கிடாக்கியை அவள் அண்ணன் கையிலேயே திணித்தாள். "தபால்காரர் வரல. நீ கேட்டுக்கோ."

"நானா?"

"பூட்ட இன்னும் அரை மணி நேரம் இருக்குல்ல? சும்மாதானே நிக்கிற."

அவளும் ஓட்டுநரும், குழுவின் மூன்றாவது ஆளான ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரும் படகைச் சரிவில் தள்ளி இறக்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணன் கொட்டகை வாசலில் தனியாக நின்றான். பாறையில் அலை அடித்து வெள்ளையாக எழுவது அங்கிருந்தே தெரிந்தது. "ரெண்டு பேர் ஏறியாச்சு," என்று படகிலிருந்த இன்னொரு வாக்கிடாக்கி வழியாகத் தங்கையின் குரல் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"ஏய், இருக்கியா?" என்றான். பதில் இல்லை. "அம்மாடி, பேசு. திட்டவாவது திட்டு." கோயில் பக்கமே போகாதவன், கடவுளை உரக்கக் கூப்பிட்டான்.

வெகுநேரம் கழித்து, மூச்சிரைப்போடு குரல் கேட்டது. "நாலு பேரும் ஏறியாச்சு. வர்றோம்."

வந்தவர்கள் அக்கரைக்காரர்கள்தான். சட்டையிலேயே துறையின் பெயர் அச்சடித்திருந்தது. சரிவில் ஏறிய நான்கு பேர்மேலும் அண்ணன் பாய்ந்தான்.

"உங்க மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல. என் வலையை அறுத்தது உங்க துறைதானே?"

கூப்பிட்டவன் நீலம் பாய்ந்த உதட்டைத் திறந்தான். "எங்க... எங்க துறை..."

"பேசாதே. பல்லு ஆடுற ஆட்டத்துல நாக்கைக் கடிச்சுக்கப் போற." எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக் கத்தினான். "யோவ், ஏழு டீ! சக்கரை தூக்கலா! இவனுங்களுக்கு அதுவே அதிகம்!"

தங்கை கூந்தலைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "ஏழா? உன்னையும் சேத்தா?"

அவன் விரலை நீட்டி எண்ணினான். அவர்கள் நாலு, இவர்கள் மூணு. விரல் அப்படியே நின்றது. இன்னொரு கையில் வாக்கிடாக்கியை விரல் கணு வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தான். அவள் அதைப் பார்த்தாள்.

"எட்டுய்யா, எட்டு! எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று டீக்கடைக்காரர்மேல் எரிந்து விழுந்தான்.

"பூட்டு எங்கண்ணே?" என்று மெல்லக் கேட்டார் ஓட்டுநர்.

அண்ணன் உள்ளே போனான். அட்டையைக் கிழித்துப் பூட்டை எடுத்தான். அதனோடு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்றைத் தங்கையின் தையல் பெட்டிக்குள் போட்டான்.

"படகு நிக்கிற எடம். ராத்திரி பூட்டி வை. கண்டவனும் வந்து போறான்," என்று நால்வரையும் முறைத்தான். "இவனுங்களை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைக்காதே."

"நினைக்கலண்ணே."

டீ வந்தது. அக்கரைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் கடைசி நுனியில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்தான்.