ப்ரேபனின் கால் மணி நேரம்

டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரில் நாங்கள் இருக்கும் குடியிருப்புத் தொகுதிக்கு ரீவி தருவது குடியிருப்பவர்களே நடத்தும் ஒரு சங்கம். அன்ரெனாச் சங்கம் என்று சொல்வோம். நிலத்துக்கடியில் ஓடும் கேபிள் சங்கத்துக்குச் சொந்தமானது. வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் வைத்து, எந்தச் சனல்களை எடுப்பது, யார் நிர்வாகத்தில் இருப்பது என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். இவற்றோடு எங்கள் தொகுதிக்கு மட்டும் தெரிகிற சொந்தச் சனல் ஒன்றும் உண்டு. அதன் கலையகம், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நிலக்கீழ் அறை. பகலில் துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகளோடு வேலை செய்துவிட்டு, பின்னேரங்களில் நான் அங்கே படங்களை வெட்டி ஒட்டி ஒளிபரப்புகிறவன். சம்பளம் கிடையாது. பக்கத்து அறையில் இயந்திரங்கள் சுழலும்போது எங்கள் மேசையும் சேர்ந்து ஆடும்.

எங்கள் தொகுதியில் குடியிருக்கும் சுஜாந்தினி இந்தச் சங்கத்துக்குள் வந்தது ஒரு கேள்வியோடுதான். ஒரு மாரிகாலம் பாதி வீடுகளில் படம் உடைந்து உடைந்து வந்தது. தொலைபேசியில் கேட்டால், கேபிளுக்குள் சனல்களை அனுப்பும் நிறுவனம் சங்கத்தைக் கைகாட்டியது, சங்கம் நிறுவனத்தைக் கைகாட்டியது. அதுவரை பொதுக்கூட்டத்துக்குத் தமிழ் ஆட்கள் அதிகம் போனதில்லை. அவள் போனாள். கடைசி வரிசையில் இருந்து எழும்பி, இதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டாள். சுற்றிவளைத்து ஒரு பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, திரும்பவும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது முன்வரிசையில் இருந்த டேனிஷ் கிழவிகள் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். அன்றைக்கே அவளை நிர்வாகத்துக்குத் தெரிவு செய்துவிட்டார்கள். அடுத்த வருடம் தலைவியும் ஆக்கினார்கள்.

அவள் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தின் சுங்கப் பிரிவில் வேலை செய்கிறவள். வேலை முடிந்து வரும் வழியில், படம் சரியில்லை என்று சொன்ன வீடுகளின் கதவைத் தட்டி, சோபாவில் இருந்து தானும் பார்ப்பாள். நிறுவனத்தின் ஆளைப் பொதுக்கூட்டத்துக்கே கூப்பிட்டு, சனங்களுக்கு முன்னால் பதில் சொல்ல வைத்தாள். ஆனால் அவள் செய்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது வேறொன்றை. அதுவரை எங்கள் சொந்தச் சனலில் தேவாலயத்தின் அறிவித்தலும் உதைபந்தாட்டக் கழகத்தின் படங்களும்தான் போய்க்கொண்டிருந்தன. தொகுதியில் குடியிருக்கும் எவரும் நிகழ்ச்சி செய்து கொண்டுவரலாம் என்று அவள் ஒரு விதியைக் கொண்டுவந்து நிறைவேற்றினாள். விளம்பரம் கூடாது. எந்த இனத்தையும் சமயத்தையும் இழிவுபடுத்தவோ, யாரையும் மிரட்டவோ கூடாது. தனியாட்களின் அந்தரங்கத்தைக் காட்டக் கூடாது. இந்த மூன்றுக்கும் உட்பட்டால், என்ன சொன்னாலும் போகும். தமிழ் நிகழ்ச்சி அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கியது. சோமாலியப் பெண்களின் சமையலும், ஓய்வுபெற்றவர்களின் கோரஸ் பாட்டும் அப்படித்தான் வந்தன.

அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் ப்ரேபனும் வந்தான்.

ப்ரேபன் எங்கள் வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறவன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவன். யாரோடும் அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் சின்னக் கமராவோடு வந்து, தன் நிகழ்ச்சி கால் மணி நேரம் என்று சொல்லி, பதிவைக் கொடுத்துவிட்டுப் போனான். போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. பள்ளிக்கூடம் தொகுதியின் பொது மண்டபத்தில் நடக்கிறது. தரிப்பிடம் முழுக்கத் தமிழர்களின் கார்கள், குப்பை லொறி உள்ளே வர முடியாமல் நிற்பது, நவராத்திரியில் நடந்த போன வருட வாணி விழாவின் மிருதங்கச் சத்தம், மண்டபத்தின் படிகளில் விட்டுப்போன கடதாசித் தட்டுகள். எல்லாவற்றையும் ஜன்னலில் இருந்து எடுத்திருந்தான். நடுநடுவே தன் கரகரத்த குரலில், இங்கே முதலில் இருந்தவர்களை யாரும் கேட்பதில்லை, இது இனி எங்கள் முற்றம் இல்லை என்று சொல்லியிருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. சுஜாந்தினிக்குத் தொலைபேசி அடித்தேன். மழைச்சட்டையைக் கழற்றாமலே வந்து நின்றபடி முழுவதையும் பார்த்தாள். திரும்பவும் போடச் சொன்னாள். பிறகு என்னிடம், கார்களின் இலக்கத் தகடுகள் தெரிகிற இடங்களையும், பிள்ளைகளின் முகங்கள் கிட்டத் தெரிகிற ஓரிடத்தையும் காட்டி, இவற்றை மட்டும் மறைக்க வேண்டும் என்றாள். மற்றதெல்லாம் என்று கேட்டேன்.

"மற்றது அவரின்ரை கருத்து, அல்பேட் அண்ணை. எனக்கு விருப்பமில்லாத கருத்து. ஆனா விதிக்குள்ளை நிக்குது."

அடுத்த நாள் ப்ரேபனைக் கூப்பிட்டு அதையே சொன்னாள். அவன் முணுமுணுத்தான். தணிக்கை என்று ஒரு சொல்லைப் போட்டான். அவள் விதியை வாசித்துக் காட்ட, அரைமனதோடு ஒத்துக்கொண்டு, தகடுகளை மறைக்கும்வரை என் பக்கத்திலேயே இருந்து பார்த்தான். செவ்வாய்க்கிழமை மாலையில் போடுவதென்று நேரம் குறித்தோம்.

இந்த மாதிரிச் செய்தி எங்கள் ஆட்களிடம் நிற்காது. ஒளிபரப்புக்கு முன்னமே தமிழ்ப் பள்ளிக்கூட அதிபர் நித்தியானந்தன் அண்ணை இன்னும் சில பெற்றோரைக் கூட்டிக்கொண்டு சுஜாந்தினியின் வீட்டுக்குப் போனார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவர் பொறுமையான மனிதர். இந்த ஊரில் ஐந்தாறு பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, ஒரு சனிக்கிழமையும் தவறாமல் நடத்தி வந்தவர். அன்றைக்கு அவருடைய குரல் தடித்திருந்தது.

"பிள்ளை, நீர் எங்கடை ஆள் எண்டுதானே நாங்கள் எல்லாரும் வந்து கை தூக்கினனாங்கள். நீரே இதை விடுறது என்ன ஞாயம்?"

அவள் கதிரைகளைக் காட்டி எல்லோரையும் இருக்கச் சொன்னாள்.

"ஓம் அண்ணை, நீங்கள் தூக்கினீங்கள். ப்ரேபனும் தூக்கினவர். பிடிக்கேல்லை எண்டு நான் அவரின்ரை நிகழ்ச்சியை நிப்பாட்டினா, நாளைக்கு இந்தக் கதிரையிலை இருக்கிற இன்னொராள், தனக்கு விளங்கேல்லை எண்டு எங்கடை தமிழ் நிகழ்ச்சியை நிப்பாட்டலாம். அப்ப நான் எந்த வாயாலை கேக்கிறது?"

"உமக்கு அவங்களிட்டை நல்ல பேர் வேணும்," என்று பின்னால் இருந்த ஒருவர் சொன்னார்.

அவள் முகம் மாறியது. எழும்பிக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். கோப்பைகளை எல்லோருக்கும் முன்னால் வைத்தாள். ஒருவரும் குடிக்கவில்லை. வாசலில் நின்ற அவளுடைய மகள் மிதுஷா, சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தன்னை எல்லோரும் இதைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள், இது அநியாயம் அம்மா என்று டேனிஷில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் தன்னை ஆகக் கூடத் தாக்கியது என்று சுஜாந்தினி பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னாள்.

ஆட்கள் எழும்பும்போது அவள் நித்தியானந்தன் அண்ணையிடம் மட்டும் இன்னொன்று சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே நேரம், அதே அளவு, பதில் சொல்ல அவருக்கு ஒதுக்கியிருக்கிறது. அதையும் யாராலும் தடுக்க முடியாது. அவர் தலையை ஆட்டாமல் போனார்.

ப்ரேபனின் நிகழ்ச்சி போனது. அந்த வாரம் தமிழ் ஆட்கள் சிலர் சுஜாந்தினியைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கடையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி வேண்டுமென்றே அடுத்த வரிசைக்கு மாறியதை நானே பார்த்தேன். அவளோ வழக்கம்போல வணக்கம் சொன்னாள், பதில் வராத இடத்திலும்.

பதில் நிகழ்ச்சிக்கு யாராவது வருவார்களா என்று எனக்கு ஐமிச்சமாகத்தான் இருந்தது. ஒளிப்பதிவு நாளன்று நித்தியானந்தன் அண்ணையே கோட் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். அவருடைய டேனிஷ் தடக்குப்படும். மேடைகளில் எப்போதும் தமிழில்தான் பேசுவார். அன்றைக்குக் கமராவைப் பார்த்து டேனிஷிலேயே பேசினார். குப்பை லொறி வர முடியாமல் நின்றது உண்மை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இனிமேல் கார்களை வீதிக்கு அப்பால் இருக்கும் டேனிஷ் பள்ளிக்கூட வளவில் விடுவோம், அனுமதி எடுத்தாயிற்று என்றார். தட்டுகளை விட்டுப்போனதும் எங்கள் பிழை என்றார். பிறகு சொன்னார்:

"ஆனால் இது எங்கள் முற்றமும்தான். இந்தப் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். மிருதங்கச் சத்தம் வருடத்தில் ஒரு நாள் வரும். அன்றைக்கு நீங்களும் கீழே வாருங்கள், சாப்பாடு இருக்கும்."

சொல்லி முடித்து வியர்வையைத் துடைத்தார். கலையகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்ற சுஜாந்தினி அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பழைய கதை பேச்சில் வந்ததாக எனக்குத் தெரியாது.

ப்ரேபன் அந்த வருட வாணி விழாவுக்கு வரவில்லை. தரிப்பிடம் பரவாயில்லை, சத்தம் இன்னும் கூடத்தான் என்று அடுத்த நிகழ்ச்சியில் சொன்னான். பிறகு அது பழகிவிட்டது. செவ்வாய் மாலையில் ப்ரேபன் எதைப் பற்றியாவது குறை சொல்லுவான்: புறாக்கள், வேலை செய்யாத வீதி விளக்கு, மின்சார ஸ்கூட்டர்கள். சனங்கள் அதை விரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். விளக்கை நகரசபையான கொம்யூன் வந்து திருத்தியும்விட்டது.

இளவேனிலில் பெரிய விடயம் ஒன்று வந்தது. கேபிள் நிறுவனம் ஒன்று எங்கள் சங்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ளக் கேட்டது. மாதக் கட்டணம் குறையும், புதுப் பெட்டி கிடைக்கும், இனிமேல் நிர்வாகம், கூட்டம் என்று ஒருவரும் அலையத் தேவையில்லை. நிர்வாகத்திலேயே பாதிப் பேருக்கு விருப்பம். விசேட பொதுக்கூட்டத்தில் மண்டபம் நிறைந்துவிட்டது. சுவரோடு சாய்ந்துகொண்டும் ஆட்கள் நின்றார்கள். நிறுவனத்தில் இருந்து வந்த இளைஞன் திரையில் அழகான படங்கள் காட்டினான். மரியாதையாகப் பேசினான், பொய்யும் சொல்லவில்லை. சொந்தச் சனல் என்னவாகும் என்று ஒரு கிழவி கேட்டபோது, பார்வையாளர் தொகையைப் பொறுத்து அது தொடரும் என்றான்.

சுஜாந்தினி தலைவி என்பதால் அதுவரை எல்லோருக்கும் நேரம் பிரித்துக் கொடுத்துக்கொண்டு மட்டும் இருந்தாள். இப்போது தானும் கேட்டாள்.

"எந்த நிகழ்ச்சி போகலாம் என்று யார் முடிவு செய்வார்கள்?"

"கோபன்ஹேகனில் இருக்கும் எங்கள் நிகழ்ச்சிப் பிரிவு."

"அவர்களுடைய முடிவு பிழை என்று எங்களுக்குத் தோன்றினால், யாருக்கு முன்னால் எழும்பி நின்று கேட்பது?"

அவன் கொஞ்சம் யோசித்து, வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்றான். மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு ஓடியது. அவள் சிரிக்கவில்லை. கட்டணம் குறைவது பலருக்குத் தேவையானது, அதை ஒருவரும் சின்னதாக எண்ணக் கூடாது என்றாள். ஆனால் இந்த அறைக்குள் நானும் ஒருநாள் ஒரு கேள்வியோடு வந்தேன், கேட்க ஒரு இடம் இருந்தது, அதை விற்க எனக்கு மனமில்லை என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எழும்பியவன் ப்ரேபன். எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. அவனோ, தான் விற்பதற்கே வாக்களிக்கப்போவதாகச் சொன்னான். கட்டணம் அதிகம், கூட்டங்கள் நீளம், தலைவி எல்லோரையும் பேசவிடுகிறாள், வீட்டுக்குப் போகவே பிந்திவிடுகிறது. சொன்னபடியே கையும் தூக்கினான். எண்ணி முடித்தபோது, பெரிய வித்தியாசம் இல்லாமல், விற்பதில்லை என்ற பக்கம் வென்றது. நித்தியானந்தன் அண்ணை எழும்பிச் சத்தமாகக் கை தட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ப்ரேபனின் நிகழ்ச்சி வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்று அந்த இடத்துக்கு நான் கோரஸ் பாட்டைப் போட்டேன். சுஜாந்தினி வேலையால் வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு அவனுடைய கதவைத் தட்டினாள்.

திறந்தவன் எங்களைக் கண்டதும் வழிவிடாமல் நின்றான்.

"என்னுடைய நேரத்தை எடுத்துவிட்டாய் என்று நினைத்தேன்," என்றான். "நான் உனக்கு எதிராக வாக்களித்தேன்."

"அது உன்னுடைய வாக்கு. செவ்வாய்க்கிழமையும் உன்னுடையது. ஏன் கொண்டுவரவில்லை?"

அவன் கதவை முழுக்கத் திறந்தான். பிறகு உள்ளே வரச் சொன்னான். கோப்பி ஊற்றினான். ஜன்னலோரம் கமரா அதன் முக்காலியில் நின்றது. கோப்பையை அவளிடம் நீட்டியபடி, சரி, ஒன்று மனதில் இருக்கிறது, ஆனால் உனக்குப் பிடிக்காது என்றான். அதை அவள் கேட்கவில்லை என்பதுபோல, திங்கட்கிழமைக்குள் அல்பேட்டிடம் கொடுத்துவிடு என்று சொல்லி எழும்பினாள்.

திங்கட்கிழமை அவன் கொண்டுவந்து தந்தான். கால் மணி நேரமும் அவளைப் பற்றித்தான். கூட்டத்தை எப்படி நடத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை, அலட்டுகிறவர்களை நிறுத்துவதில்லை, சின்னச் சின்ன விதிகளையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள், அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் குரல் இறங்கி, எனக்கும் நேரம் தந்தவள் அவள்தான், அதுவும் அவளுடைய பிழைகளில் ஒன்று என்று முணுமுணுத்திருந்தான்.

நான் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கதிரையின் நுனியில் இருந்து, நாடியைக் கையால் தாங்கி, ப்ரேபனின் முதல் நிகழ்ச்சியைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தாள். முடிந்ததும் தகடுகளோ முகங்களோ ஒன்றுமில்லை என்று சரிபார்த்தாள்.

"ஒரு இடத்திலை சத்தம் காணாது அண்ணை. அந்த முணுமுணுப்பைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ, மற்றும்படி அப்பிடியே போகட்டும்."

மழைச்சட்டையை எடுத்துக்கொண்டு, மிதுஷாவுக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது என்று படியேறிப் போனாள். நான் சத்தத்தைக் கூட்டினேன்.