பச்சைப் புள்ளி

நான் எழுதிய செயலிக்கு 'நலமா' என்று பெயர். தனியாக இருக்கும் முதியவர்கள் தினமும் காலையில் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ஒன்பது மணிக்குள் அழுத்தாவிட்டால் எங்கள் சர்வர் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை அனுப்பும். அழுத்திவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. தஞ்சோங் பகாரில் பதினெட்டாவது மாடியில் நாலு பேர் உட்கார்ந்து செய்தோம். ஆண்ட்ராய்டு பக்கம் முழுக்க என் கை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கப் போவதில்லை.

சோதனைக்கு நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஒருவர் என் தாய்மாமா காதர் மைதீன். தேக்காவில் முப்பது வருஷம் துணி தைத்தவர். மாமி மௌத்தான பிறகு புக்கிட் மேராவில் ஓரறை வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. அவருடைய மலிவு போனில் நானே செயலியைப் போட்டுக் கொடுத்தேன். எச்சரிக்கை வந்தால் எனக்குத்தான் வரும்.

நோன்பு பிறந்ததும் எங்களுக்குத் தலைவலியும் பிறந்தது. விடியுமுன் எழுந்து சஹர் சாப்பிட்டு, சுபுஹு தொழுது, மறுபடி படுக்கிறவர்கள் ஒன்பது மணிக்கு எழுந்து பட்டனைத் தேடுவார்களா? எச்சரிக்கைகள் பறந்தன. பிள்ளைகள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். போய்ப் பார்த்தால் அத்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூன்றே நாளில் பதினொரு புகார்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நோன்பு மாதத்தில் சர்வர் பார்க்க வேண்டாம். ஆள் எப்போது படுக்கிறார், எப்போது எழுகிறார் என்பது அவரவர் போனுக்குத்தான் தெரியும். போனே பொறுத்திருந்து பார்க்கட்டும், பட்டன் அழுத்தப்படாவிட்டால் மட்டும் சர்வரிடம் புகார் சொல்லட்டும். புகார் வராதவரை பச்சை.

என்னோடு வேலை செய்யும் நிதீஷ் அப்போதே தடுத்தான். "அக்கா, போனை நம்பாதீங்க லா. சீப் போன் எல்லாம் பேட்டரி மிச்சம் பண்றேன்னு ஆப்பைத் தூங்க வெச்சிடும். செக் சர்வர்லயே இருக்கட்டும், டைமை மட்டும் தள்ளி வைங்க. இல்லன்னா பழைய போன் நாலு வாங்கி டெஸ்ட் பண்ணலாம்."

"நோன்பு வெக்கிறது நானா, நீயா? எனக்கே பாடம் எடுக்காத," என்றேன்.

அந்த அறையில் நோன்பாளி நான் ஒருத்திதான். அதற்கு மேல் யார் பேசுவார்கள்? மேஜையில் கிடந்த இரண்டு புதுப் போன்களில் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு என் மூக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபாரூக் நானா போன் செய்தார். தேக்கா பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறவர். மாமா தினமும் பஸ் ஏறிப் போய் அவர் கையால்தான் கஞ்சி வாங்குவார்.

"மாமா இன்னிக்கு வரலம்மா. கேரியருக்கு எடுத்து வெச்சேன், ஆளைக் காணோம். ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

மாமாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அவர் எடுக்காதது புதிதல்ல. செயலியைத் திறந்தேன், பச்சை. நானாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கார் நானா. எனக்கு இங்கயே தெரியுது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று வைத்துவிட்டார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது. இந்த முறை புள்ளியைப் பார்க்கவில்லை. டாக்சி பிடித்து ஓடினேன். என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். குளியலறை வாசலில், ஒரு கை வெளியே நீண்டிருக்க, மாமா கிடந்தார். தொட்டதுமே தெரிந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியை என் விரல் இன்னும் மறக்கவில்லை.

போன் கட்டிலில் இருந்தது. திரையில் ஒரு வரி: 'பேட்டரியைச் சேமிக்க, நலமா செயலி உறக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது.' தூங்கிப்போன செயலி எப்படிப் புகார் சொல்லும்? புகார் வரவில்லை, அதனால் பச்சை. அப்படி எழுதியது நான்.

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். விழுந்தது திங்கள் காலை. இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. உயிர் போனது செவ்வாய் விடியற்காலையில். ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க அவர் அந்தத் தரையில் உயிரோடு கிடந்திருக்கிறார். நான் ஃபாரூக் நானாவிடம் நல்லா இருக்கார் என்று சொன்ன நேரத்திலும்.

புதன்கிழமை சுவா சூ காங்கில் அடக்கம். மண் தள்ளி முடிந்ததும், பெண்கள் நின்ற மரத்தடிக்கு ஃபாரூக் நானா வந்தார். கண் சிவந்திருந்தது.

"தப்பு என் மேலதாம்மா. திங்கக்கெழமையே போய்ப் பார்க்கணும்னு பஸ் ஸ்டாப்புல நின்னேன். புக்கிட் மேரா பஸ் கூட வந்துடுச்சு. நீ போன் பண்ணி நல்லா இருக்கார்னு சொன்ன. பஸ்ஸை விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா அவ்ளோ உறுதியா சொன்ன?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

போனை எடுத்துச் செயலியைத் திறந்து அவரிடம் நீட்டினேன். காதர் மைதீன் என்ற பெயருக்குப் பக்கத்தில் அப்போதும் பச்சையாகவே இருந்தது.